வேலு படிக்காமல் விட்ட பாதி

1

ஆரணிக்கு வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு பேராவது கேட்டுவிடுவார்கள்: "ஜெர்மனியில இன்னா வேலம்மா பாக்கற, டாக்டரா?" இல்லை என்பேன். "அப்ப கம்ப்யூட்டரா?" அதுவும் முழுசாக இல்லை. சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது உடம்புக்குள் எவ்வளவு கதிர்வீச்சு இறங்குகிறது என்று கணக்கிட்டுச் சொல்கிற வேலை என்று விளக்குவேன். "ஏன், அந்த மிஷின்லயே தெரியாதா?" என்பார்கள். தெரியாது. மிஷினுக்குத் தன்னிடமிருந்து எவ்வளவு புறப்பட்டது என்றுதான் தெரியும். கல்லீரலில் எவ்வளவு தங்கியது, கர்ப்பப்பையில் எவ்வளவு தங்கியது என்பதைப் பார்க்க, உயிரோடு இருக்கிறவரின் வயிற்றுக்குள் மீட்டரையா வைக்க முடியும்? அதனால் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் மனுஷியைச் செய்து வைத்திருக்கிறோம். சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன உடம்பு. இந்தக் கட்டம் எலும்பு, இது கொழுப்பு, இது குடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அவள்மேல் பொய்க் கதிர்களைக் கோடிக்கணக்கில் விட்டுப் பார்ப்போம்.

இவ்வளவு சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் காய்கறி வாங்கப் போயிருப்பார். அதில் எனக்கு வருத்தமில்லை. இருபது வருஷமாக இதையே செய்கிறேன், இதில் எனக்கு என்ன தெரியும் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது என் தங்கை சுகுணா வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து செல்போனில் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "அக்கா, பவித்ரா விழுந்துட்டாக்கா. ஸ்கூல்ல திருமலை ஜைனர் கோயிலுக்கு இட்டுகினு போனாங்க. பாறைப் படியில சறுக்கிப் பின்னந்தலையில அடி. ரெண்டு தபா வாந்தி எடுத்தா. இங்க தலைக்கு சி.டி. எடுக்கணும்ங்கறாங்க. எடுக்கட்டுமாக்கா?"

சுகுணாவின் மகள் பவித்ராவுக்கு ஆறு வயது. தலையில் அடிபட்ட குழந்தை வாந்தி எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கோ வாய் வரவில்லை. கத்தியில் வெண்ணெய் அப்படியே இருக்கிறது. "அக்கா, லைன்ல இருக்கியா?" என்று அவள் இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னேன்: "எடு. உடனே எடு. குழந்தைக்கு உண்டான அளவை வெச்சி எடுக்கச் சொல்லு, பெரியவங்களுக்கு வெக்கறதை வெக்கக் கூடாதுன்னு கேட்டுச் சொல்லு." வைத்துவிட்டாள்.

இந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் ஊமையானேன் என்பது உங்களுக்குப் புரியும். எழுதினால் எனக்கும் புரியுமோ என்னவோ.

2

ஏழு வருஷத்துக்கு முன்பு சுகுணாவுக்கு வயிற்றில் தாங்க முடியாத வலி வந்தது. கல்லா, குடல்வாலா என்று தெரியாமல் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பி வயிறு முழுக்க சி.டி. எடுத்தார்கள். சின்னக் கல்தான், தானாகப் போய்விட்டது. பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் அவள் முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லாமல், போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை என்று இருந்தவள். நாள் தள்ளிப் போவது அவளுக்குப் புதிதில்லை என்பதால் ஸ்கேன் எடுத்த அன்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

டவுனில் ஒரு டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ ரேடியேஷன் பட்டிருக்கு, எதுக்கும் கலைச்சிடறது நல்லது, திங்கக்கிழமை வாங்க" என்று சொல்லியனுப்பிவிட்டார். அன்று புதன்கிழமை.

வேலு, அதாவது சுகுணாவின் வீட்டுக்காரர், எனக்கு போன் செய்தார். ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டுக்காரர். பட்டுப் புடவைக்கு கிராப் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிறம் தீட்டி மயிலையும் அன்னத்தையும் வரைந்து கொடுத்தால், அதைப் பார்த்து அட்டை குத்தி, அந்த அட்டையைத் தறிக்கு மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். என் வேலையை ஆரணியில் ஒரே தடவையில் புரிந்துகொண்டவர் அவர் ஒருத்தர்தான். "கட்டம் கட்டமா ஆளைப் போடறீங்க, அவ்ளோதானே அண்ணி" என்றார். மனைவியின் அக்காவை அண்ணி என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"அண்ணி, நீங்கதான் சொல்லணும். இருக்கட்டுமா, வேணாமா? நீங்க இருக்கட்டும்னா இருக்கட்டும்."

நான் எழுதும் கட்டுரைகளில் எல்லாம் முடிவு என்று ஒரு பத்தி இருக்கும். 'மேலும் ஆய்வு தேவை' என்று அதை முடிப்போம். அந்தப் பத்தியை வேலுவிடம் படித்துக்காட்ட முடியுமா?

3

கணக்குப் போட வேண்டுமானால் எந்த மிஷின், எத்தனை மின்னழுத்தம், எத்தனை மின்னோட்டம், எங்கிருந்து எங்கே வரை எடுத்தார்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஸ்கேன் சென்டரில் கேட்டால், அனுப்பிவைத்த டாக்டருக்குத்தான் சொல்வோம் என்றார்களாம். டாக்டரைக் கேட்டால், ஸ்கேன் சென்டரைக் கேளுங்கள் என்றார்களாம். வேலு ஃபிலிமை ஃபேக்ஸில் அனுப்பினார். எங்கள் ஆபீஸ் ஃபேக்ஸில் முழுக்க முழுக்கக் கருப்பாக ஆறு தாள் வந்து விழுந்தது. மை எல்லாம் தீர்ந்து போனதற்குச் செயலாளரம்மா என்னை ஒரு வாரம் முறைத்தார்.

கடைசியில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்து, ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பொடி எழுத்தில் இருக்கும் எண்களைப் படித்துச் சொன்னார். எழுத்தில்லாத ஆங்கிலம், அதாவது எண்கள், அவருக்கு நன்றாக வரும். ஒரு எண்கூடத் தப்பவில்லை. பக்கத்தில் நின்ற சுகுணாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இடுப்புச் சுற்றளவும் உயரமும் கேட்டேன். "எதுக்குக்கா, ஜாக்கெட் தெக்கப் போறியா?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். அளவைச் சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேலு மறுபடியும் எண்களைப் படிக்க ஆரம்பித்தார்.

எங்களிடமிருந்த பொய் மனுஷியோ ஐரோப்பாக்காரி. ஆள் வாட்டசாட்டமாக இருப்பாள். சுகுணா அவள் தோளுக்குத்தான் வருவாள். ஒல்லி உடம்பில் கதிர் ஆழமாக இறங்கும், நடுவில் தடுக்கக் கொழுப்பு இல்லை. அதனால் அவளைச் சுற்றிலும் செதுக்கி, குட்டையாக்கி, சுகுணாவாக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ஒரு படிவம். பெரிய கம்ப்யூட்டரை உபயோகிக்க நோக்கம் எழுத வேண்டும். ஆராய்ச்சி, பயிற்சி, பிற என்று மூன்று கட்டம். நான் 'பிற' என்பதில் குறியிட்டு, 'குடும்பக் காரணம்' என்று எழுதினேன். எங்கள் பிரிவுத் தலைவர் யுர்கன் நல்ல மனுஷன். படிவத்தை வெகு நேரம் பார்த்தார். "இதில் நான் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் சிறிய உடல்வாகுள்ள பெண்களுக்கு நம் மாதிரி எவ்வளவு பொருந்துகிறது என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்" என்றார். அப்படியே மாற்றி எழுதினேன். என் தங்கை 'சிறிய உடல்வாகு, பெண், ஆசியா' ஆனாள்.

இந்தக் கணக்கு முழுக்கச் சோழி உருட்டுகிற விவகாரம்தான். ஒவ்வொரு கதிருக்கும் ஒரு சோழி. எலும்பில் முட்டிச் சிதறுமா, உள்ளேயே அடங்குமா, தப்பித்து முதுகு வழியாக வெளியே போகுமா? உருட்டிப் பார், எழுதிக்கொள், அடுத்த கதிரை விடு. ஒரு கதிர் என்ன செய்யும் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. கோடிக் கதிர் சேர்ந்து என்ன செய்யும் என்று நான் சொல்லிவிடுவேன். ஆனால் எனக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஒரு குழந்தையைப் பற்றிய பதில். எந்தப் பக்கம் திரும்பினாலும் இதில் வந்து முட்டிக்கொண்டேன்.

4

அந்த நாட்களில் என் மகன் அருணுக்கு எட்டு வயது. வீட்டுக்குள் தமிழ்தான் பேச வேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்ததால், ஜெர்மனில் யோசித்துத் தமிழில் பேசுவான். சனிக்கிழமை நான் கணக்கு முடிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, சித்தி உள்ள இருக்கற குழந்தை வேலை செய்யுதா?" என்று கேட்டான்.

"குழந்தை நல்லாருக்கான்னு கேக்கணும்டா."

"அதான், நல்லா வேலை செய்யுதா?"

பளாரென்று ஒன்று வைக்கலாமா என்றுதான் இருந்தது. வைக்கவில்லை. அவன் சித்தியை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். அவனுக்கு அவள் என் கம்ப்யூட்டர் திரையில் பச்சையும் மஞ்சளுமாகச் சுழலும் உருவம்தான். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. திரையைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அன்றைக்கு அவள் முகம் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்றது.

ஞாயிற்றுக்கிழமை எண் வந்தது. பயப்பட வேண்டிய எல்லை என்று எங்கள் துறையில் சொல்வார்களே, அதற்கு வெகு கீழே. மூன்று முறை சரிபார்த்தேன். போன் செய்து, "பயப்பட ஒன்னுமில்ல. இருக்கட்டும்" என்றேன். வேலு அழுதார். பின்னால் யாரோ சாமிக்குச் சூடம் ஏற்றச் சொல்வது கேட்டது. சுகுணா போனை வாங்கி, "நெஜமாவாக்கா?" என்றாள். நிஜமாகத்தான் என்றேன். திங்கட்கிழமை அவர்கள் டாக்டரம்மாவிடம் போகவில்லை.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. படித்த படிப்புக்கு ஒரு பலன் என்று எனக்கு நானே பாயசம் வைத்துக் குடித்தேன்.

5

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஆரணிக்குப் போனேன். சுகுணா கை நிறைய வளையலோடு, முகமெல்லாம் மஞ்சளோடு இருந்ததைப் பார்க்கக் கண் நிறைந்தது. மறுநாள் காலை சும்மா இருக்காமல் அந்த ஃபிலிமைக் காட்டுங்கள் என்று வேலுவிடம் கேட்டேன். பீரோவுக்கு மேலிருந்து பெரிய உறையை எடுத்துவந்தார். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வேலு சொன்ன எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அந்தத் தாள்களுக்கு அடியில் இன்னும் அத்தனை தாள்கள் இருந்தன.

மருந்து ஏற்றாமல் ஒரு முறை, ஏற்றி ஒரு முறை. வயிற்றை ஆதியோடந்தமாக இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள்.

"வேலு, இதை நீங்க எனக்குப் படிக்கவே இல்லையே?"

"அது அதே படம்தானே அண்ணி? எண்ணிப் பாத்தேன். அதே எண்ணிக்கை, அதே இடம், அதே நெம்பரு. நம்ம கிராப்ல பாதிதானே போடுவோம்? முந்தானையில இந்தப் பக்கத்து மயிலப் போட்டா, அந்தப் பக்கத்து மயில ஜக்கார்டே திருப்பிப் போட்டுக்கும். ரெண்டையும் போட்டா அட்டை டபுள் ஆயிடும், பேஜாரு. இதுவும் அந்த மாதிரின்னு நெனச்சி, நீங்க ரெண்டு தபா எண்ணிடப் போறீங்களேன்னுதான் உட்டுட்டேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இன்னா அண்ணி, எதுனா தப்பா?"

"ஒன்னுமில்ல. சும்மா கேட்டேன்" என்றேன்.

ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணிவிடும் என்று உயிரைக் கொடுத்து எண்ணுகிற மனுஷன். சோம்பேறித்தனத்தால் விட்டிருந்தால் திட்டியிருப்பேன். அவரோ கணக்கு தப்பக் கூடாதே என்ற அக்கறையில் விட்டிருக்கிறார். மருந்து ஏற்றினார்களா, எத்தனை முறை எடுத்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். முதல் வருஷம் படிக்கிற பையன்கூட அதைத்தான் முதலில் கேட்பான்.

ஜெர்மனிக்குத் திரும்பியதும் மறுபடி கணக்குப் போட்டேன். இந்தத் தடவை படிவத்தில் 'ஆராய்ச்சி' என்ற கட்டத்திலேயே குறியிட்டேன். எண் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லைக்குக் கீழேதான். ஆனால் 'வெகு' என்ற வார்த்தையை இப்போது போட முடியாது. அச்சடித்து, ஒரு உறையில் போட்டு, ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த எண் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். புத்தகம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் சொல்லியிருப்பேனா, அல்லது குரலில் ஒரு தயக்கம் வந்து அதை அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பார்களா? தெரியவில்லை. இந்தத் தெரியாமைதான் என்னை இத்தனை வருஷம் பிடுங்கித் தின்றது.

6

பவித்ரா நல்லபடியாகப் பிறந்தாள். மூக்கும் முழியுமாக இருந்தாள். அதோடு நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. குழந்தை நடக்கக் கொஞ்சம் தாமதமானதும் கேட்டேன், எந்த மாதம் நின்றாள்? பேசத் தாமதமானதும் கேட்டேன், எத்தனை வார்த்தை சொல்கிறாள்? காய்ச்சல் என்றால், எத்தனை நாளாக? ரத்தம் பரிசோதித்தீர்களா? சுகுணாவுக்கு என்மேல் எரிச்சல் வந்திருக்க வேண்டும். வந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். "பெரியம்மாவுக்கு உம்மேல எவ்ளோ பாசம் பாரு" என்று குழந்தையிடம் சொல்வாள். எனக்கு மானம் போகும்.

அருண் இப்போது பதினைந்து வயதுப் பையன். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வருகிறது. எந்தக் குழந்தையும் நாம் கணக்குப் போட்டபடி வருவதில்லை என்று அவனைப் பார்த்தாவது புரிந்துகொண்டிருக்கலாம். இவனைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் பயம் கிடையாது. எங்கோ ஆரணியில் கணக்குப் பாடத்தில் நூறு வாங்குகிற அந்தப் பெண்ணுக்காகத்தான் பயப்படுகிறேன். இது என்ன நியாயம் என்று என் கணவர் ஒருநாள் கேட்டார். பதில் தெரியாததால் சண்டை போட்டேன்.

7

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன், பொய்யில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து சுகுணா கூப்பிட்டாள்.

"ஒன்னும் இல்லையாம்க்கா! தலையில வெறும் வீக்கம்தானாம். இன்னிக்கி ஒரு நாள் வெச்சிப் பாத்துட்டு நாளைக்கி அனுப்பிடுவாங்களாம். இட்லி வேணும்னு அழுதுகினு இருக்கா, அவரு வாங்கியாரப் போயிருக்காரு. குழந்தை அளவுதான் வெச்சாங்களாம், நானே கேட்டேன்."

அந்த 'நானே கேட்டேன்' என்னை உடைத்துவிட்டது. நான் கேட்காமல் விட்டதை இவள் கேட்டிருக்கிறாள். வாயிலிருந்து எல்லாம் கொட்டிவிட்டது. அன்றைக்கு நான் சொன்னது பாதிக் கணக்குதான், ஃபிலிம் இரண்டு மடங்கு இருந்தது, வளைகாப்புக்கு வந்தபோதுதான் பார்த்தேன், உன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியும்க்கா."

"என்னடி தெரியும்?"

"ரெண்டு தபா எடுத்தாங்கன்னு. நான்தானே உள்ள படுத்துகினு இருந்தேன்? மொதல்ல ஒரு தபா உள்ள போயி வந்தேன். அப்புறம் கையில மருந்து ஏத்துனாங்க, உடம்பெல்லாம் குபுகுபுன்னு சூடாயிடுச்சி. மறுபடி உள்ள தள்ளுனாங்க. பூத்துல அவரு ஒரு தபா எடுத்தத மட்டும் படிச்சிகினு இருந்தப்ப பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்னுடுவியோன்னு பயமா இருந்துச்சி. எட்டு வருஷம்க்கா." மூக்கை உறிஞ்சினாள். "ஒன்ன ஏமாத்திட்டேன்னு மனசு அடிச்சிகினே இருக்கும். இவ லேட்டா நடந்தா அதனாலயோ, லேட்டாப் பேசுனா அதனாலயோன்னு தோணும். நீ வேற போன் பண்ணி நின்னாளா, பேசுனாளான்னு கேப்பியா, ஒனக்குத் தெரிஞ்சிபோச்சோ, ஏதோ இருக்குதோன்னு நெனப்பேன். கேக்கவும் பயம். அவருகிட்டகூட சொன்னதில்ல."

எந்தெந்த எண்களையோ வாங்குவதற்கு யார் யாரையோ கேட்டேன். இவளிடம் இடுப்பளவையும் உயரத்தையும் மட்டும்தான் கேட்டேன்.

"அக்கா," என்றாள், "இப்பவாவது சொல்லு. ரெண்டையும் சேத்துப் பாத்தா, அது எப்படி?"

"சேத்துதான் பாத்தேன்டி. ரெண்டையும் சேத்தும் பயப்பட ஒன்னுமில்ல. அன்னிக்கே தெரிஞ்சிருந்தாலும் இருக்கட்டும்னுதான் சொல்லியிருப்பேன்."

கடைசி வாக்கியம் உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் துளித் தயக்கம் இல்லாமல் சொன்னேன். அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ, "இன்னாம்மா, கொழந்தைக்கு இன்னா ஆச்சி?" என்று பதறிக் கேட்பது காதில் விழுந்தது. "ஒன்னும் ஆகலீங்க, நல்லா இருக்கா, நல்லா இருக்கா" என்று அழுகையோடு அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பதில் ஆறேழு வருஷமாக என் டிராயரில் கிடந்தது. அதை வைத்துக்கொண்டுதான் வாரா வாரம் போன் செய்து, குழந்தை நின்றாளா, பேசினாளா என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.